ஈயமா, பித்தளையா, வெல்டிங்கா? உலோகத்தை இணைக்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

உடைந்த உலோகப் பொருள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பலர் கேட்கும் கேள்வி இதுதான்: சால்டரிங் கருவி போதுமா, கேஸ் டார்ச் வேண்டுமா, வெல்டிங் மெஷினையே வாங்கிவிடலாமா? கேட்கும்போதே மனத்துக்குள் ஒரு திட்டமும் இருக்கும். சுலபமானதை முதலில் செய்து பார்ப்போம், நிற்காவிட்டால் அடுத்ததற்குப் போவோம் என்பதே அந்தத் திட்டம். நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் உலோகத்தை இணைக்கும் வேலையில் இந்த வரிசைதான் ஏராளமான பொருட்களைத் தேறாமல் செய்துவிடுகிறது.

ஒரு மேசை விளக்கின் பித்தளைக் கழுத்து விரிசல் விட்டபோது நானும் அப்படித்தான் தொடங்கினேன். சால்டரிங் கருவியால் ஈயம் வைத்தேன். இரண்டே மாதத்தில் விட்டது. சரி, வெள்ளி கலந்த கம்பியை உருக்கி வெள்ளிப் பற்று வைப்போம் என்று டார்ச்சால் சூடேற்றினேன். பழைய ஈயம் துளைகளிலும் விரிசலிலும் தங்கியிருந்தது. 600 டிகிரியைத் தாண்டியதும் அது பித்தளையையே கரைத்துக் குழி பறித்தது. வெள்ளிப் பற்று எங்கும் ஒட்டவில்லை. முதலிலேயே வெள்ளியை வைத்திருந்தால் பத்து நிமிட வேலை.

ஈயம் பட்ட இடத்தில் பிறகு பிரேசிங் (வெள்ளிப் பற்றையோ பித்தளையையோ டார்ச்சால் உருக்கி ஒட்டுவது) செய்வது மிகக் கடினம். பித்தளை வைத்த எஃகில் பிறகு வெல்டிங் செய்தால் உருகிய செம்பு எஃகின் நுண்துகள்களுக்கு இடையிலுள்ள எல்லைகளுக்குள் புகுந்து விரிசலை உண்டாக்கும். பித்தளையிலுள்ள துத்தநாகம் புகையாகக் கிளம்பும். வார்ப்பிரும்பில் அவசரமாக வெல்டிங் அடித்தால் தையலின் (உருகி உறைந்த இணைப்புக் கோட்டின்) ஓரம் கண்ணாடி போல் நொறுங்கும் தன்மை அடையும். முதல் முயற்சி தவறினால் அடுத்த வழியும் சேர்ந்தே அடைபடுகிறது. அதனால்தான் கருவியை வாங்குவதற்கு முன்பே இந்த ஒப்பீடு தேவைப்படுகிறது.

## மூன்றும் எங்கே பிரிகின்றன

சால்டரிங்கிலும் பிரேசிங்கிலும் இணைக்கப்படும் உலோகம் உருகுவதில்லை. அதைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் வேறோர் உலோகம் இடையில் ஓடிப் பற்றிக்கொள்கிறது. இதற்குத் தமிழில் பற்றாசு என்ற அழகான பழஞ்சொல் இருக்கிறது. பற்றாசு உருகும் வெப்பநிலை 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் சால்டரிங், மேலே இருந்தால் பிரேசிங். வெல்டிங்கில் இரண்டு துண்டுகளின் விளிம்புகளும் உருகி ஒரே குளமாகி உறைகின்றன. "பித்தளை வெல்டிங்" என்று பலர் சொல்வது உண்மையில் பிரேசிங்தான். பித்தளைக் கம்பி ஏறத்தாழ 900 டிகிரியில் உருகும்போது எஃகு இன்னும் உருகாமலே இருக்கும். அது உருக 1500 டிகிரி அளவுக்குப் போக வேண்டும்.

## எந்த அளவுகோல்களால் பார்ப்பது

"எது அதிக வலிமை?" என்பதே வழக்கமான அளவுகோல். நான் அதை மூன்றாவது இடத்தில் வைக்கிறேன்.

முதலாவது, பொருள் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பது. சூடு பட்டால் உலோகம் உருகுமா என்பது மட்டுமல்ல, அதன் குணம் மாறுமா என்றும் பார்க்க வேண்டும். தட்டியோ வளைத்தோ விறைப்பேற்றிய பித்தளைத் தகடு 600 டிகிரியைக் கண்டால் மெழுகு போல் மென்மையாகிவிடும். பதமேற்றிய எஃகு வில் (ஸ்பிரிங்) 300 டிகிரி அளவிலேயே பதத்தை இழக்கத் தொடங்கும். பக்கத்தில் ரப்பர் வளையமோ, பிளாஸ்டிக்கோ, பெயிண்டோ, மரமோ இருக்கிறதா என்பதும் இதே கேள்விக்குள் அடங்கும்.

இரண்டாவது, இரு துண்டுகளும் எப்படிப் பொருந்துகின்றன என்பது. ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாகச் செருகியிருக்கிறதா, ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கிறதா, முனையோடு முனை முட்டி நிற்கிறதா? உருகிய பற்றாசு மெல்லிய இடுக்கில் தானாகவே உறிஞ்சப்பட்டு ஓடும். அகன்ற இடைவெளியில் ஓடாது.

மூன்றாவது, இணைப்பின்மேல் என்ன விழும் என்பது. ஒருமுறை இழுப்பது வேறு, நாள் முழுக்கத் தொங்குவது வேறு, அதிர்வு வேறு, சூடு வேறு.

நான்காவது, கனம். 1 மில்லிமீட்டர் தகட்டுக்கும் 6 மில்லிமீட்டர் பட்டைக்கும் ஒரே வழி பொருந்தாது. ஐந்தாவது, வேலை செய்யும் இடம்: காற்றோட்டம், மின் இணைப்பு, தீப்பிடிக்கும் பொருட்களிலிருந்து தூரம். பலர் இதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

| அளவுகோல் | சால்டரிங் | பிரேசிங் | வெல்டிங் |
|---|---|---|---|
| பற்றாசு உருகும் வெப்பநிலை | 183 முதல் 230 டிகிரி | வெள்ளிப் பற்று 620 முதல் 700, பித்தளை சுமார் 900 | அடி உலோகமே உருக வேண்டும். எஃகுக்குச் சுமார் 1500 |
| தேவையான இடைவெளி | மெல்லிய இடுக்கு | வெள்ளிக்கு 0.05 முதல் 0.15 மி.மீ. | இடைவெளியை நிரப்ப முடியும் |
| வேறுபட்ட உலோகங்களை இணைத்தல் | சுலபம் | சுலபம் | பெரும்பாலும் முடியாது |
| வசதியான கனம் | மெல்லிய தகடு, கம்பி, குழாய் | மெல்லியது முதல் நடுத்தரம் | ராடு வெல்டிங்குக்கு 2 மி.மீ. முதல் மேலே |
| பிரித்தெடுத்தல் | சூடேற்றினால் பிரியும் | சிரமம், ஆனால் முடியும் | அறுக்க வேண்டும் |
| பொருள் கோணுதல் | அநேகமாக இல்லை | குறைவு | அதிகம் |

## சால்டரிங்: கசிவை அடைக்கும், பாரம் சுமக்காது

மின் இணைப்புகள், செம்புத் தண்ணீர்க் குழாய், மெல்லிய தகரப் பெட்டி, அலங்காரப் பொருள். இவற்றுக்கு வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த பற்று சரியாக 183 டிகிரியில் உருகும். காரீயம் இல்லாத வகைகள் 217 முதல் 227 டிகிரியில் உருகும். குடிநீர்க் குழாயிலும் உணவுப் பாத்திரத்திலும் காரீயம் இல்லாததை மட்டுமே பயன்படுத்த வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

இதன் பலவீனம் வலிமைக் குறைவு மட்டுமல்ல. சாதாரண எஃகின் இழுவலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இதற்கு உண்டு, உண்மை. ஆனால் அதைவிட முக்கியமானது, பாரத்தின் கீழ் இது மெல்ல மெல்ல நகரும் என்பது. ஓர் உலோகம் தன் உருகுநிலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு இளகும். தனிச்சுழியிலிருந்து (மைனஸ் 273 டிகிரியிலிருந்து) வெப்பநிலையைக் கணக்கிட்டால், அறை வெப்பத்திலேயே ஈயப்பற்று தன் உருகுநிலையின் மூன்றில் இரண்டு பங்கை எட்டிவிடுகிறது. எஃகு அந்த நிலையை அடைய ஏறத்தாழ 900 டிகிரிக்குச் சிவக்கச் சிவக்கக் காய வேண்டும். சிவந்த இரும்பில் யாரும் பாரத்தைத் தொங்கவிட மாட்டார்கள். ஈயம் வைத்த கொக்கியில் ஒரு கிலோவை மாட்டினால் இன்று நிற்கும், நாளையும் நிற்கும், பிறகு ஒரு நாள் சத்தமில்லாமல் விழும். என் விளக்குக்கு நேர்ந்தது அதுதான்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகளில் முதன்மையானது ஃபிளக்ஸ், அதாவது உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடை நீக்கிப் பற்று ஒட்ட உதவும் பூச்சு. எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குப் பைன் பிசின் வகை. தகடுக்கும் எஃகுக்கும் துத்தநாகக் குளோரைடு வகை. இரண்டாவதைக் கழுவாமல் விட்டால் சில வாரங்களில் பச்சையும் துருவும் பூத்துப் பக்கத்திலுள்ள உலோகத்தை அரிக்கும். அதை மின்சுற்றில் ஒருபோதும் பூசக் கூடாது. காரீயப் புகையை நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். சால்டரிங் வெப்பத்தில் காரீயம் ஆவியாவது மிக மிகக் குறைவு. கையில் ஒட்டி வாய்க்குப் போவதுதான் ஆபத்து, ஆகவே கை கழுவாமல் எதையும் தின்னக் கூடாது. மூக்கில் ஏறும் வெண்புகை பிசினுடையது. அது ஆஸ்துமாவைக் கிளப்பக்கூடியது, எனவே காற்றோட்டம் அவசியம்.

இன்னொரு தவறான கணக்கு வாட்டேஜ் பற்றியது. வெப்பநிலை வேறு, வெப்பத்தின் அளவு வேறு. ஒரு கரண்டி கொதிநீரால் ஒரு வாளித் தண்ணீரைச் சூடாக்க முடியாது. 400 டிகிரி காட்டும் சின்னச் சால்டரிங் கருவியால் தடித்த செம்புக் குழாயை 230 டிகிரிக்குக் கொண்டுவர முடியாததும் இதனால்தான். செம்பு, வைக்கும் சூட்டையெல்லாம் வாங்கி மறுமுனைக்கு அனுப்பிவிடும். குழாய்க்கு டார்ச் வேண்டும்.

## பிரேசிங்: பலர் தாண்டிப்போகும் நடு வழி

என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. வீட்டுப் பட்டறையில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது பிரேசிங் என்று நம்புகிறேன். சால்டரிங்கில் பழகியவர்கள் இதை எட்டாத வித்தையாக நினைக்கிறார்கள். வெல்டிங் மெஷினில் கண் வைத்தவர்கள் இதைப் பழங்காலத்து முறையாக ஒதுக்குகிறார்கள். இரண்டுமே சரியல்ல.

இதில் வலிமை இணைப்பின் வடிவத்திலிருந்து வருகிறது. வெள்ளிப் பற்று 0.1 மில்லிமீட்டர் அளவு இடுக்கில் படலமாகப் பரவும்போது, இருபுறமும் உள்ள கடினமான உலோகம் அந்தப் படலத்தை நெளியவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால் இணைப்பு, பற்றாசின் தனி வலிமையைவிடக் கூடுதலாகத் தாங்கும். மெல்லிய துண்டின் கனத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் இழுக்கும்போது பெரும்பாலும் துண்டுதான் அறும், இணைப்பு நிற்கும். முனையோடு முனை முட்டவைத்து வெள்ளி ஊற்றினால் இந்த நன்மை கிடைக்காது. இடுக்கு அகன்றிருந்தாலும் கிடைக்காது. அரத்தை எடுத்து ராவிப் பொருத்துவதில்தான் வேலையின் பாதி இருக்கிறது.

செம்பையும் எஃகையும், பித்தளையையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் ஒன்றோடொன்று சேர்க்க வீட்டில் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் பற்றாசைப் பார்த்து எடுக்க வேண்டும்.

வெள்ளிப் பற்றில் 45 முதல் 56 விழுக்காடு வரை வெள்ளி இருக்கும் வகைகள் 620 முதல் 680 டிகிரிக்குள் உருகி ஓடும். பித்தளை, செம்பு, எஃகு எல்லாவற்றுக்கும் ஏற்றவை. பழைய கையிருப்பில் காட்மியம் கலந்த வகைகள் உண்டு. அவை அருமையாக ஓடும், ஆனால் அந்தப் புகை உயிரைப் பறிக்கும். உறையில் காட்மியம் இல்லை என்று அச்சிட்டிருந்தால் தவிர வாங்க வேண்டாம்.

செம்பு-பாஸ்பரஸ் கம்பி செம்போடு செம்பைச் சேர்க்க ஃபிளக்ஸே கேட்காது. பாஸ்பரஸே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் எஃகில் இதை வைத்தால் பார்வைக்கு அழகான, தட்டினால் உடையும் இணைப்பு கிடைக்கும். இரும்புடன் பாஸ்பரஸ் சேர்ந்து நொறுங்கும் சேர்மம் உண்டாவதே காரணம். பார்த்து ஏமாறக்கூடிய இடம் இது.

பித்தளைக் கம்பி எஃகுக்கும் வார்ப்பிரும்புக்கும். இதற்குச் சற்று அகன்ற இடைவெளியும் பரவாயில்லை, மூலையில் வளைவாகக் குவித்து நிரப்பலாம். பித்தளைப் பொருளில் பித்தளைக் கம்பியை வைக்கக் கூடாது. இரண்டும் ஏறத்தாழ ஒரே சூட்டில் உருகும்.

செலவில் முன்னே தெரிவது வெள்ளியின் விலை. ஆனால் பொருத்தம் சரியாக இருந்தால் ஓர் இணைப்புக்குத் தேவைப்படுவது நகத்துண்டு அளவுதான். முன்னே தெரியாதவை வேறு. தீச்செங்கல் வேண்டும், ஏனெனில் சாதாரண கான்கிரீட் தரையில் சுடரைப் பிடித்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் துண்டுகள் தெறிக்கும். வேலை முடிந்ததும் கண்ணாடி போல் உறைந்த ஃபிளக்ஸை வெந்நீரில் ஊறவைத்து அகற்ற வேண்டும். வெங்காரம் (போராக்ஸ்) சார்ந்தது என்றால் இன்னும் பிடிவாதமாக இருக்கும், சிட்ரிக் அமிலக் கரைசல் உதவும். வெங்காரம் 740 டிகிரி அளவில்தான் உருகும் என்பதால் அது பித்தளைக் கம்பிக்குத்தான் பொருத்தம். வெள்ளிப் பற்றுக்கு ஃபுளோரைடு கலந்த பசை வேண்டும், அதன் புகையை மூச்சில் வாங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பொருள் முழுவதும் சூடாகிறது. பெயிண்டும் முலாமும் போகும், விறைப்பும் போகும். பித்தளைக் கீல் நிமிர்ந்து நிற்கும், ஆனால் முன்பு இருந்த இறுக்கம் திரும்பாது.

தேவைப்படும் வெப்பமும் கவனிக்க வேண்டியது. காற்றோடு எரியும் புரொப்பேன் டார்ச் சின்ன, நடுத்தர வெள்ளிப் பற்று வேலைகளுக்குப் போதும். சுற்றிலும் தீச்செங்கலை அடுக்கி வெப்பத்தைத் தேக்கினால் மெல்லிய எஃகில் பித்தளையும் ஓடும். அதைத் தாண்டினால் ஆக்சிஜன் சேர்ந்த சுடர் வேண்டும். அசிட்டிலீன் சிலிண்டரை வீட்டில் வைப்பது பற்றி நன்றாக யோசிக்க வேண்டும். அந்த வாயுவை 1 பாருக்கு மேல் அழுத்தத்தில் வெளியே எடுத்தால் தானாகவே வெடித்துச் சிதையக்கூடும்.

## வெல்டிங்: கனமான எஃகுக்கு வேறு வழி இல்லை

3 மில்லிமீட்டர் ஆங்கிள், பட்டை, சதுரக் குழாய் ஆகியவற்றில் கேட், தாங்கி, பணிமேசைக் கால் செய்கிறவருக்கு வெல்டிங்தான். 6013 ராடு (உருகித் தையலாகும், மேல்பூச்சுள்ள வெல்டிங் கம்பி) வைத்த சாதாரண தையலே மென்னெஃகின் வலிமைக்குக் குறையாதது. இடைவெளி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் நிரப்பிவிடலாம். உட்புற வேலைக்கும் மெல்லிய தகட்டுக்கும் கம்பி தானாக வரும் மிக் மெஷின் வசதியானது. ஆனால் அதன் காப்பு வாயுவைச் சிறு காற்றும் கலைத்துவிடும். திறந்தவெளியில் ராடு பாதுகாப்பு. உருகாத டங்ஸ்டன் முனையால் செய்யும் டிக் வெல்டிங் மிகத் தூய்மையான தையலைத் தரும், அதற்குக் கை பழக மாதக்கணக்காகும்.

மெஷினின் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் பிறகு வாங்க வேண்டியவை: தானாக இருளும் ஹெல்மெட் (ராடு வேலைக்கு 10 அல்லது 11 எண் இருள்), தோல் கையுறை, கிரைண்டர், வட்டுகள், எத்தனை வாங்கினாலும் போதாத கிளாம்ப்கள், கசடு தட்டும் சுத்தியல். அடுத்தது மின்சாரம். 230 வோல்ட் இணைப்பில் 100 ஆம்பியர் வில்லுக்கு, அதாவது ராடு முனையில் எரியும் மின்சுடருக்கு, சாதாரண இன்வெர்ட்டர் மெஷின் சுவரிலிருந்து 15 ஆம்பியரையும் தாண்டி இழுக்கும். மெல்லிய நீட்டிப்பு வயர் சூடேறும், வில் திணறும். மெஷினில் 40 விழுக்காடு என்று எழுதியிருந்தால் 10 நிமிடத்தில் 4 நிமிடம்தான் அந்த ஆம்பியரில் ஓடும், மீதி நேரம் ஆற வேண்டும்.

கோணல் இன்னொரு செலவு, நேரமாக வாங்கிக்கொள்ளும். உருகிய தையல் உறையும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும். நான்கு மூலையும் சரியாக இருந்த சட்டம் ஒரு மூலையை முழுதாக முடித்ததும் கோணிவிடும். எல்லா மூலைகளிலும் முதலில் டேக் (சிறு புள்ளித் தையல்) அடித்து, அளந்து, பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

ஆபத்துகளில் நான்கைச் சொல்லாமல் விட மாட்டேன். வில்லைக் கண்ணால் பார்த்தால் உடனே எதுவும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, இரவில், கண்ணில் மணல் கொட்டியது போல் வலிக்கும். துத்தநாக முலாம் பூசிய குழாயைச் சூடேற்றினால் அந்தப் புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும், முலாமை முதலில் தேய்த்தெடுக்க வேண்டும். குளோரின் கலந்த கரைப்பானால் துடைத்த பொருளில் வில்லைப் பிடித்தால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகலாம். பொறி விழுந்த மரத்தூள் புகையில்லாமல் கனன்று ஒரு மணி நேரம் கழித்தும் எரியும். வேலை முடிந்த உடனே கதவைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

அலுமினியத்தைப் பற்றிச் சுருக்கமாக. அதன் மேலுள்ள ஆக்சைடு படலம் 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும், உள்ளே உள்ள உலோகம் 660 டிகிரியில் உருகிவிடும். சிவக்காமலே திடீரென்று சரிந்து விழும். குறைந்த சூட்டில் உருகும் கம்பிகள் பாரம் தாங்காத ஓட்டைகளை அடைக்க உதவும். ஏணி, சைக்கிள் சட்டம் போன்றவற்றை அவற்றால் ஒட்டக் கூடாது.

## பணிமேசையில் நான்கு பொருட்கள்

கசியும் செம்புத் தண்ணீர்க் குழாய். சால்டரிங், காரீயம் இல்லாத பற்று. குழாயில் துளி நீர் இருந்தாலும் அது ஆவியாகும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது, பற்றும் உருகாது. நீரை முழுதாக வடித்துவிட்டே தொடங்க வேண்டும். குளிர்பதன வாயுக் குழாயாக இருந்தால் கதை வேறு. அங்கே அழுத்தமும் அதிர்வும் உண்டு, ஈயப்பற்று நிற்காது. பிரேசிங்தான் செய்ய வேண்டும், உள்ளே நைட்ரஜனை ஓடவிட்டபடி. அதைத் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடலாம்.

கால் விட்டுப்போன மடக்கு நாற்காலி. 1.2 மில்லிமீட்டர் எஃகுக் குழாய். பெரும்பாலோர் வெல்டிங் என்பார்கள். ராடில் கை பழகாதவர் இந்தக் கனத்தில் ஓட்டை போடுவார், ஓட்டையை அடைக்கப் போய்ப் பெரிய ஓட்டை போடுவார். மிக் மெஷின் ஏற்கெனவே இருந்து, கையும் பழகியிருந்தால் அதுவே சரி. இல்லையென்றால் பிரேசிங். முறிந்த இடத்துக்குள் இறுக்கமான உள்குழாய்த் துண்டைச் செருகி வெள்ளி வைக்கலாம், அல்லது மூலையில் பித்தளையைக் குவிக்கலாம். இரண்டுக்கும் முன் குரோம் முலாமைத் தேய்த்தெடுங்கள்.

3 மில்லிமீட்டர் ஆங்கிளில் ஒரு தாங்கி. வெல்டிங். இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். கொஞ்சமே வேலை இருந்தால் துளையிட்டு போல்ட் போடுவதும் கௌரவமான தீர்வுதான்.

விரிசல் விட்ட வார்ப்பிரும்பு மெஷின் கால். இங்கேதான் வெல்டிங் அதிகம் ஏமாற்றுகிறது. வார்ப்பிரும்பில் 2 முதல் 4 விழுக்காடு கரிமம் இருக்கிறது. உருகி வேகமாகக் குளிர்ந்தால் தையலோரம் கடினமாகி, சுருங்கும் இழுப்பில் புது விரிசல் கிளம்பும். நிக்கல் ராடு, முன்சூடு, 25 மில்லிமீட்டருக்கு மிகாத சிறு தையல்கள் என்று முறையாகச் செய்தால் தேறலாம். வீட்டில் நான் பித்தளையைத்தான் தேர்வு செய்வேன். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டு அது ஓடாமல் நிறுத்தி, நடுவே வி வடிவில் பள்ளம் எடுக்க வேண்டும். பள்ளத்தின் முகத்தைக் கடைசியில் அரத்தால் ராவ வேண்டும், ஏனென்றால் கிரைண்டர் கிராஃபைட்டை முகமெங்கும் இழுத்துப் பூசிவிடும், பித்தளை அதன்மேல் ஒட்டாது. பொருள் முழுவதையும் மெல்லச் சூடேற்றிப் பித்தளையை நிரப்பிய பிறகு, உலர்ந்த மணலில் புதைத்து மறுநாள் காலைவரை தொடாமல் விட வேண்டும்.

பெட்ரோல் டேங்க், கேஸ் சிலிண்டர், பிரேக், பாரம் தூக்கும் கொக்கி ஆகியவற்றை இந்த மேசைக்கே கொண்டுவராதீர்கள். காலி டேங்கில் தங்கியிருக்கும் ஆவி, நிறைந்த டேங்கைவிடச் சுலபமாக வெடிக்கும்.